இதே மாதிரி

இரவு ஒன்றே முக்காலுக்குக் கைப்பேசி அதிரும்.
ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஒரு படிக்கட்டு வந்திருக்கும்,
கைப்பிடியில்லாமல், சுவரிலிருந்து முளைத்தது போல.
கீழே சென்னியப்பன் எழுதியிருப்பார்:
இதே மாதிரிங்க அம்மிணி.

போர்ட்டோவிலிருந்து வாஷ்பேசின், குடைந்த ஒற்றைக் கல்.
கோபன்ஹேகன் உணவகத்தில்
மேசைக்கு மேசை தூக்கணாங்குருவிக் கூடாகத் தொங்கும் விளக்குகள்.
ஓரத்தில் அவர் கட்டைவிரல்.
எல்லாப் படத்திலும் அது இருக்கும்,
கட்டிங் மாஸ்டராக இருந்த நாளின் தழும்போடு.

நான் பாஸ்போர்ட் எடுக்காதவள்.
பெருமாநல்லூர் ரோட்டில் பதினோரு டையிங் ஷெட்,
ஒரு கல்யாண மண்டபம், இப்போது இந்த ஹோட்டல்.
படம் வந்தால் முதலில் ஸ்விட்ச் எங்கே என்று தேடுவேன்.
தரையிலிருந்து மூன்றரை அடி என்று வைத்துக்கொண்டால்
அதிலிருந்து கதவு, கதவிலிருந்து கூரை.
ஐரோப்பாவை இப்படித்தான் அளந்தேன்.

ஸ்டாக்ஹோமின் கறுப்பு நீச்சல்குளத்துக்கு மட்டும்
பதில் போட்டேன்:
கறுப்புத் தண்ணி நமக்குப் புதுசுங்களா?
இரண்டு நீல டிக். வெகுநேரம் ஒன்றுமில்லை.
தினமும் நொய்யல் பாலத்தைத் தாண்டுகிறவர்தான் அவரும்.
பிறகு ஒரு சிரிப்புப் பொம்மை.

மிலான் கண்ணாடிக் கூரைக்கு ஒரு ஷீட்டை மாட்டி,
சித்திரை மாதம் பதினொரு மணிக்கு
அடியில் நிற்கச் சொன்னேன்.
ஆறு நிமிடம் நின்றார்.
துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டு
சரி, மேக்க சன்னலே வெச்சுக்கலாம் என்றார்.
பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வருவதற்கு
யாரும் பில் போடுவதில்லை.

அப்புறம் ஹாம்பர்கிலிருந்து நாற்காலி.
வளைத்த இரும்பு, மெல்லிய தோல், அழகென்றால் அப்படி.
ரெண்டு வேணுங்க. லாபியில, படிக்கட்டப் பாத்து.
இருவது நிமிசத்துல முதுகு புடிக்கோணும்.

புடிக்காத மாதிரியே செஞ்சுரலாங்களே?

இம்முறை குரலாக வந்தது. பின்னால் யாரோ பியானோ வாசிக்கிறார்கள்.
வேண்டாங்க. நாலு மணி நேரம் இதுல ஒக்காந்தனுங்க.
கண்டெய்னர் எட்டு நாள் லேட்டு.
மேல ரூம்ல பையர். பீசுக்குப் பதினோரு சென்ட் கொறைக்கறானாம்,
எறங்கி வந்து சொல்றானாம்.
படியில யாரு வந்தாலும் எந்திரிச்சு எந்திரிச்சு...
அங்கே நின்றுவிட்டது.

தூக்கம் வரவில்லை. இருநூற்றுப் பதினாலு படத்தையும்
முதலிலிருந்து பார்த்தேன்.
எல்லாவற்றிலும் ஸ்விட்சும் காமிராவும் ஒரே மட்டம்.
நின்று எடுத்த படமே இல்லை.
படிக்கட்டெல்லாம் கீழிருந்து. விளக்கெல்லாம் கீழிருந்து.
வாஷ்பேசின் ஒன்றுதான் மேலிருந்து.
முகம் கழுவப் போயிருப்பார்.

ஒரு பொறியாளர் இதை முன்னமே பார்த்திருக்க வேண்டும்.

நாற்காலிகளைப் பல்லடத்தில் வளைத்தோம்.
உட்கார்ந்து பார்த்தேன். பதினெட்டாவது நிமிடமே பிடித்தது.

திறப்புக்கு இரண்டு நாள் முன்பு போனால்
வாட்ச்மேன் ஆறுச்சாமி
ஒரு நாற்காலியில் பனியன் வேஸ்ட்டை மடித்துப் போட்டிருந்தார்,
மஞ்சள், சாம்பல், ஏதோ குழந்தை உடுப்பின் யானைப் படம்.
என்னைக் கண்டதும் எழுந்து, எடுக்க வந்தார்.
இருக்கட்டும் என்றேன்.

சென்னியப்பன் பீளமேட்டில் இறங்கி நேராக வந்தார்.
பெட்டியோடு அதிலேயே உட்கார்ந்தார்.
கீழே கையை விட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தார்,
இருநூற்றெண்பது ஜிஎஸ்எம் என்று தனக்குத்தானே சொன்னார்.
வேறெதுவும் கேட்கவில்லை.
மேற்குச் சன்னல் திறந்திருந்தது.

ஆண்ட்வெர்ப் படிக்கட்டில் காலடிச் சத்தம்.
டைல்ஸ் கழுவிய ஆசிட் வாளியோடு
பிபின் இறங்கிக்கொண்டிருந்தான்.
சென்னியப்பன் பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு
பாதி எழுந்துவிட்டார்.
பிபின் மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டான்,
வாளியை எந்தக் கையில் வைத்துக்கொள்வதென்று தெரியாமல்.